சுளுக்குதானே என்று சும்மா விடலாமா?



ஆண்டு மலர் என்றால் கவிதை எழுதுவாங்க, காதலைப் பத்தி எழுதுவாங்க. நான் கணுக்காலைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க!

போன வருஷம் டிபார்ட்மெண்ட் கபடி. ரெய்டு போய்த் திரும்பும்போது என் கால் மடங்கியது. "ஒண்ணுமில்ல மச்சி, எழுந்திரு!" என்று தூக்கி விட்டார்கள். நொண்டிக்கொண்டே ஆடினேன். ஜெயிச்சோம். சாயங்காலம் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. சுளுக்கு வழிக்கிறவர் ஒருவர் எண்ணெய் போட்டு அழுத்தி வழித்து, இறுக்கிக் கட்டினார். மூணாம் நாள் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எலும்பில் விரிசல் என்று தெரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கோப்பை காலேஜ் அலமாரியில் இருக்கிறது. அரியர் என்னிடம் இருக்கிறது!

நாம் லேபில் கம்பியை இழுத்துப் பார்க்கிறோம். எலாஸ்டிக் லிமிட்டைத் தாண்டினால் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. மூட்டைப் பிடித்திருக்கும் லிகமெண்டும் அப்படித்தான். லேத்துக்கு ஆயில் விடாமல் ஓட்டினால் நாம் திட்டு வாங்குவோம். உடம்பை மட்டும் அப்படியே ஓட்டலாமா?

நம்ம ஊர்ப் பழக்கம் இன்னொன்று. பௌர்ணமி ராத்திரி வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலம். விடிந்ததும் தூக்கமில்லாமல் மேட்ச்! கிரிவலம் போங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலுக்கு லீவு கொடுங்க.

வார்ம்-அப் என்பது இரண்டு தடவை குதிப்பது இல்லை. மெதுவான ஓட்டம், தொடை, வயிற்றுத் தசைக்குப் பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்பது, குதித்துச் சரியாக இறங்குவது எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம். ஃபிஃபாவின் '11 பிளஸ்' பயிற்சி இதுதான். 2008-ல் வெளியான நார்வே ஆய்வில், இதைச் செய்த இளம் கால்பந்து வீராங்கனைகளுக்குக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

சரி, அடிபட்டாச்சு. என்ன செய்யணும்? ஆட்டத்தை நிறுத்துங்க. துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிஷம் வையுங்க. கிரேப் பேண்டேஜ் சுற்றிக் காலை உயர்த்தி வையுங்க. விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம், உடனே தளர்த்தணும். முதல் இரண்டு மூன்று நாள் வழிப்பதும் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. இந்த ஓய்வு-ஐஸ் முறையை 1978-ல் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் அளவுக்கு மீறினால் ஆறுவது தாமதமாகலாம் என்று 2014-ல் தானே திருத்திச் சொன்னார். அதனால் ஐஸ் வலிக்கு மட்டும்; வலி குறையக் குறைய மெல்ல நடங்க.

கணுக்காலில் அடிபட்டு நாலு அடி நடக்க முடியவில்லையா? கணு எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். 1992-ல் கனடாவின் ஒட்டாவா டாக்டர்கள் வகுத்த விதி இது. நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும்போது கட்டுக்கடை எதற்கு? தலையில் அடிபட்டவனை அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்கவே கூடாது.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்போர்ட்ஸ் டே பேனருக்குச் செலவு செய்வதில் கொஞ்சம் எடுத்து, மைதானத்தில் ஒரு முதலுதவிப் பெட்டியும் ஐஸ் பெட்டியும் வையுங்கள்.

கேப்டன்களே! வலிக்குதுன்னு சொல்றவன் கோழை இல்லை. அவனை உட்கார வைக்கிறவன்தான் நல்ல கேப்டன். கோப்பை அடுத்த வருஷமும் வரும். கால் வருமா? யோசிங்க!

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்