குழிக்குள் யோசேப்பு சொல்லாதது

எங்கள் சபையில் ஒரு அக்கா. மகள் கல்யாணத்துக்கென்று நான்கு வருஷம் சீட்டுக் கட்டினார். சீட்டு நடத்தியவர் அதே சபையின் மூப்பர். ஒருநாள் அவர் கையை விரித்துவிட்டார். ஆறுதல் சொல்லப் போன நாங்கள் ஆளாளுக்கு ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம்: "கர்த்தருக்கு இதுல ஒரு நோக்கம் இருக்கும்மா. யோசேப்பைப் பாருங்க." நானும் சொன்னேன். அக்கா காபி போட எழுந்து போனார். அடுக்களையிலிருந்து திரும்பி வர வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசேப்பை நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

அவனுக்கு அப்போது வயது 17. 20 வெள்ளிக்காசுக்கு விலைபோனான். குழிக்குள் கிடந்தபோது 'எல்லாம் நன்மைக்கே' என்று அவன் சாட்சி சொல்லவில்லை, கெஞ்சினான். மேலே அண்ணன்மார் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கெஞ்சியது ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் இல்லை. 42ஆம் அதிகாரத்தில், குற்ற உணர்ச்சி தாங்காமல் அவர்கள் வாயாலேயே வெளியே வருகிறது. பின்னால் எகிப்தில் சிறையிலும் அவன் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு தப்பும் செய்யாத என்னை இங்கே அடைத்திருக்கிறார்கள், பார்வோனிடம் சொல்லி வெளியே எடுங்கள் என்று கூடச் சிறையிலிருந்த பானபாத்திரக்காரரின் தலைவனிடம் கேட்டான். நம் ஜெபக்கூட்டங்களில் இதற்கு 'முறுமுறுப்பு' என்று பெயர்.

எகிப்தின் அதிபதியாகி, தேவன்தான் என்னை இங்கே அனுப்பினார் என்று அண்ணன்மாரிடம் அவன் முதலில் சொல்லும்போது, கணக்குப் போட்டால், விற்கப்பட்டு ஏறக்குறைய 22 ஆண்டு ஆகியிருக்கிறது. அதையும் உடனே சொல்லிவிடவில்லை. சிமியோனைக் காவலில் வைத்தான். தம்பி பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தைப் போடச் சொன்னான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்னால் வந்து நின்றபிறகுதான் அழுகை உடைந்தது. இன்னும் 17 ஆண்டு கழித்து, தகப்பன் யாக்கோபு இறந்தபின், அதே பேச்சு மறுபடி வருகிறது. அப்போதும் அவர்கள் செய்தது தீமைதான் என்பதை அவன் மறைக்கவில்லை.

இதைச் சொன்னவன் யார் என்பதுதான் என் வழக்கு. விற்கப்பட்டவன் சொன்னான். அதே வார்த்தையை, காசை எண்ணி வாங்கிய கையோடு, அண்ணன்களில் ஒருவன் குழியை எட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தால் அதை விசுவாசம் என்போமா? நம் சபைகளில் அடிபட்டவர் வாய் திறக்குமுன் சுற்றி நிற்பவர்கள் அதைச் சொல்லிவிடுகிறோம். ஏமாற்றியவருக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அவர் செய்த மோசடி தேவ திட்டத்தில் ஒரு பகுதியாகிவிட்டதே!

யூதாஸ் காரியோத்துக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. சிலுவை வேத வாக்கியத்தின்படி நடக்கிறது என்று சொன்ன அதே மூச்சில், காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோ என்றார் இயேசு.

வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் சமாதானமும் நல்ல முடிவும் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11 அடிக்கடி வரும். அட்டையில் இடமில்லாததாலோ என்னவோ, அதற்கு முந்தைய வசனத்தை அச்சடிப்பதில்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது; அதைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அன்று சொன்னவர் ஒருவர் உண்டு: அனனியா. கர்த்தர் அவரை அனுப்பவில்லை, ஜனங்களைப் பொய்யை நம்பச் செய்தார் என்கிறது வேதம்.

அப்படியானால் தேவனுக்கு நோக்கமே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது என்றுதான் நம்புகிறேன். ஆனால் அடுத்தவர் காயத்தில் அதைப் படித்துச் சொல்லும் வேலையை எனக்கு யாரும் தரவில்லை. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபிறகுதான் கெட்டது. கடைசியில் தேவ கோபம் புலம்பித் தீர்த்த யோபுமேல் அல்ல, அவர்கள்மேல் மூண்டது.

அக்கா இப்போது காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். விசுவாசிக்கு இது அழகா என்று சபையில் பேச்சு. வாபஸ் வாங்கச் சொல்ல ஒரு குழு போகிறதாம், என்னையும் கூப்பிட்டார்கள். பானபாத்திரக்காரரின் தலைவன் வழியாக யோசேப்பு பார்வோனுக்கு அனுப்பப் பார்த்தது என்ன, மனுதானே என்று கேட்டேன். குழு நான் இல்லாமல் புறப்பட்டது.