பழவேற்காட்டில் பிளாட் இருக்கு, மீனவனுக்கு வீட்டுமனை இல்லை

தோழர்களே, பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் சமீபத்துல போனவங்க பார்த்திருப்பீங்க. ரோட்டோரம் பிளாட் விளம்பர போர்டு. "துறைமுகம் பக்கம்", "ரிங் ரோடு பக்கம்", "ரயில்வே ஸ்டேஷன் பக்கம்". எல்லாமே ஏதோ ஒண்ணுக்குப் பக்கம்தான். அதே ரோடு போய் முடியுற இடத்துல, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற குப்பங்கள்ல, ஒரே வீட்டுக்குள்ள அப்பா அம்மா ஒரு குடும்பம், கல்யாணமான பையன் ஒரு குடும்பம், அவன் தம்பி இன்னொரு குடும்பம்னு வாழ்ந்துட்டு இருக்காங்க. அது எந்த போர்டுலயும் வராது.

பழவேற்காட்டுல இடமே கிடைக்காதுன்னு சொல்லிட முடியாது. 1613-ல டச்சுக்காரனுக்கு கெல்ட்ரியா கோட்டை கட்ட இடம் கிடைச்சுது. ராக்கெட் ஏவ ஸ்ரீஹரிகோட்டா கிடைச்சுது. தீவுல இருந்த குடும்பங்கள்தான் கிளம்ப வேண்டியிருந்தது. தெற்குப் பக்கம் அனல் மின் நிலையத்துக்குக் கிடைச்சுது, எண்ணூர் துறைமுகத்துக்குக் கிடைச்சுது, காட்டுப்பள்ளியில கப்பல் கட்டும் தளத்துக்கும் துறைமுகத்துக்கும் கிடைச்சுது. கேட்டவங்க எல்லாருக்கும் கிடைச்ச இடம், அங்கேயே பொறந்தவனுக்கு மூணு சென்ட் கிடைக்கல. இதைத்தான் இந்தப் பதிவுல பேசப் போறோம்.

முதல்ல விலை ஏன் ஏறுதுன்னு பார்ப்போம். 2018-ல அதானி குழுமம் காட்டுப்பள்ளி துறைமுகத்தை வாங்கினாங்க. அப்புறம் அதை வருஷத்துக்கு 320 மில்லியன் டன் சரக்கு கையாளுற அளவுக்கு விரிவாக்கப் போறோம்னு திட்டம் போட்டாங்க. 6,110 ஏக்கர், 53,000 கோடி ரூபாய். 2021 ஜனவரியில வெச்ச பொது விசாரணை கொரோனா காரணமா தள்ளிப்போச்சு. 2023 செப்டம்பர் 5-ம் தேதி வெச்சதும் நடக்கல. அதாவது விரிவாக்கம் வரவே இல்லை, ஆனா அதோட பேர் பிளாட் போர்டுக்கு வந்தாச்சு. கூடவே காட்டுப்பள்ளி பக்கத்துல இருந்து மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரி வரைக்கும் 130 கிலோமீட்டருக்கு மேல புறவட்டச் சாலை. சென்னை-பெங்களூரு தொழில் வழித்தடத்துல பொன்னேரிக்கு ஒரு இடம். 2022 அக்டோபர்ல சி.எம்.டி.ஏ. எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904-ஆ ஆக்கினாங்க. இப்படி ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் நிலத்துக்கு விலை ஏறும். திட்டம் முடியணும்னு கூட அவசியம் இல்லை, அறிவிச்சாலே போதும்.

"விலை ஏறினா ஊர்க்காரனுக்கும் லாபம்தானே?"ன்னு நம்ம கமென்ட்லயே ஒருத்தர் கேட்பார். நியாயமான கேள்வி. பட்டா இருக்கிறவனுக்கு லாபம்தான். உள்பக்கம் வயல் வெச்சிருந்த குடும்பம் லேஅவுட்காரனுக்கு வித்து நாலு காசு பார்த்திருக்கலாம். மீனவனுக்குன்னு விக்க என்ன இருக்கு? லைட்ஹவுஸ்குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம், கூனங்குப்பம் மாதிரி கடலோர ஊர்கள்ல நிலம்னா அது படகு ஏத்தி வைக்கிற மணல், வலை காயப்போடுற இடம், கருவாடு உலர்த்துற மேடு. தாத்தா காலத்துல இருந்து ஊரே பொதுவா வெச்சிருக்கிறது. ரெவின்யூ ரெக்கார்டுல அது புறம்போக்கு. ஏரியில யார் எந்த நாள் எங்க வலை போடணும்னு பாடு முறை வெச்சு எழுதாத சட்டத்துல ஒழுங்கா தொழில் பண்ற ஜனங்க இவங்க. ஆனா எழுதின சட்டத்துல அவங்க பேர்ல ஒரு சர்வே நம்பர் கிடையாது. விலை ஏறினா இவங்களுக்கு வர்றது ஒண்ணே ஒண்ணுதான், வெளியில ஒரு மனை வாங்கலாம்ங்கிற நினைப்பு இன்னும் தூரம் போயிடும்.

இருளர் குடும்பங்களோட நிலைமை இதைவிட மோசம். கையால தடவி இறால் பிடிக்கிறவங்களுக்கு பொதுவா ஊர்ப் பஞ்சாயத்துலயும் குரல் கிடையாது, ஏரியில பாடும் கிடையாது, கால் வைக்கிற இடமும் சொந்தம் கிடையாது.

இப்போ சுனாமி வீட்டுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம், 2005 மார்ச் 30-ம் தேதி வருவாய்த் துறை அரசாணை 172 வந்தது. சுமார் 325 சதுர அடியில ஒரு வீடு, ஒண்ணரை லட்சம் ரூபாய் மதிப்புல. கடல்ல இருந்து 200 மீட்டருக்குள்ள இருந்தவங்க வேற இடத்துல புது வீடு வாங்கினா, பழைய இடத்தை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துடணும். வாங்கலன்னா உதவி கிடையாது. சுனாமி பயத்துல இருந்த ஜனங்களுக்கு அன்னைக்கு அது பெருசா தெரியல. இப்போ கணக்கு போட்டுப் பாருங்க. அன்னைக்கு அஞ்சு வயசா இருந்த பையனுக்கு இன்னைக்கு இருபத்தஞ்சு தாண்டியாச்சு, நம்ம ஐ.டி. விங்ல இருக்கிற பாதிப் பேர் வயசு. அவனுக்குக் கல்யாணம், குழந்தை, தனிக்குடித்தனம் எல்லாம் அதே 325 சதுர அடியிலதான். எழுதிக் கொடுத்த பழைய இடம் திரும்ப வராது. புது இடத்துல பக்கத்துல காலி மனையும் கிடையாது.

சரி, கடலோரத்திலேயே ஒரு ரூம் இழுத்துக் கட்டலாமான்னா, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி, அதாவது சி.ஆர்.இசட். 1991-ல வந்தது, 2011-ல மாறினது, 2019-ல மறுபடியும் மாறினது. ஜன அடர்த்தி அதிகமா இருக்கிற கிராமத்துக்கு 2019 விதிப்படி கட்டுமானத் தடை 50 மீட்டர். அடர்த்தி குறைஞ்ச கிராமத்துக்கு அதே பழைய 200 மீட்டர். ஆனா அந்தத் தடைப் பகுதிக்குள்ளேயே, உயர் அலைக் கோட்டுல இருந்து 10 மீட்டர் தள்ளி சுற்றுலாவுக்குத் தற்காலிகக் குடில் போடலாம்னு அதே அறிவிக்கை சொல்லுது. டூரிஸ்ட் உட்கார்ந்து ஜூஸ் குடிக்க 10 மீட்டர், மீனவன் குடும்பம் நடத்த 200 மீட்டர். கடல் ஆளைப் பார்த்தா அலை அடிக்குது?

நாம சி.ஆர்.இசட்.டைத் தூக்கணும்னு சொல்லல. இதைத் தெளிவா சொல்லிடறோம், ஏன்னா நாளைக்கு ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு வருவார். அந்த விதி இல்லன்னா குப்பத்துக்கு முன்னாடி ரிசார்ட் காம்பவுண்ட் சுவர் நிக்கும், அவ்வளவுதான். நாம கேட்கிறது அந்த விதியிலேயே எழுதியிருக்கிற ஒரு விஷயம். கடலோர மீனவ சமூகத்தோட நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு விரிவான திட்டம் தயாரிக்கணும்னு 2011 அறிவிக்கையிலேயே இருக்கு, 2019-லயும் இருக்கு. அப்படி திட்டம் இருந்தா, 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் நடுவுல பாரம்பரிய மீனவர் வீடு கட்ட வழி உண்டு. 2023-ல கடலோர மண்டல மேலாண்மை வரைவுத் திட்டம் வந்தப்போ, அந்த வீட்டுத் திட்டம் எங்கன்னு மீனவ அமைப்புகள் கேட்டாங்க. 2011-ல இருந்து ரெண்டு பெரிய கட்சியும் மாத்தி மாத்தி ஆண்டாங்க. டெல்லியிலயும் ஆட்சி மாறினது. இந்தக் கேள்வி மட்டும் மாறாம இருக்கு.

இன்னொரு சிக்கல். நம்ம கிழக்குக் கரையில மணல் பெரும்பாலும் தெற்குல இருந்து வடக்கே நகரும். நடுவுல துறைமுகத்துக்கு அலை தடுப்புச் சுவர் போட்டா தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் வடக்கே இருக்கிறது இந்த ஊர்கள்தான். கடல் உள்ளே வந்தா கோடும் உள்ளே வரும், நேத்து விதிக்கு வெளியே இருந்த வீடு நாளைக்கு விதிக்கு உள்ளே. வீடு ஒரு அடி கூட நகரல!

"அதான் இலவச வீட்டுத் திட்டம் இருக்கே"ன்னு ஆளுங்கட்சி நண்பர்கள் வருவாங்க. இருக்கு. கலைஞர் கனவு இல்லம், வீட்டுக்கு மூணரை லட்சம், 2030-க்குள்ள 8 லட்சம் வீடு. ஒன்றிய அரசோட கிராமப்புற வீட்டுத் திட்டத்துல சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம், 2016-ல இருந்து அதே தொகை, சிமென்ட் விலை என்ன ஆனாலும் சரி. ரெண்டுக்குமே முதல்ல காலடியில நிலம் இருக்கணும். நிலம் இல்லாதவனுக்கு மாநில அரசு நிலம் கொடுக்கணும்னு ஒன்றியத் திட்ட விதியிலேயே இருக்கு. 2025 பிப்ரவரியில சென்னையைச் சுத்தியும் மத்த நகரங்கள்லயும் சுமார் 86,000 பேருக்குப் பட்டான்னு அமைச்சரவை முடிவு பண்ணுச்சு, நல்லதுதான். ஆனா அது "ஆட்சேபணையற்ற" புறம்போக்குக்கு. நீர்நிலை ஓரமா இருக்கிறவனோட இடம் ரெக்கார்டுல ஆட்சேபணை உள்ளது. ஏரியோரம் இல்லாம மீனவன் எங்க இருப்பான், மலை மேலயா?

காசு கொடுத்தே வாங்கட்டும்னு வெச்சுக்குவோம். ஒரு பேச்சுக்கு சதுர அடி ஆயிரம் ரூபாய், 600 சதுர அடி மனை. 6 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 54,000. 2025 ஏப்ரல்ல இருந்து பெண்கள் பேர்ல பதிஞ்சா 10 லட்சம் வரைக்கும் ஒரு சதவீதம் குறைவு, அதாவது 6,000 மிச்சம். ஒரு செங்கல் வைக்கிறதுக்கு முன்னாடியே ஆறரை லட்சம். சம்பளச் சீட்டு கேட்கிற பேங்க் இவங்களுக்கு லோன் தராது. முகத்துவாரம் மணல் மூடின மாசத்துல வருமானமே இல்லாம மீன் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கி சாப்பிடுற குடும்பம், ஆறரை லட்சத்தை எங்க இருந்து சேர்க்கும்?

கேரளாவுல புனர்கேஹம்னு ஒரு திட்டம். கடல்ல இருந்து 50 மீட்டருக்குள்ள இருக்கிற மீனவர் குடும்பம் விருப்பப்பட்டு நகர்ந்தா 10 லட்சம், அதுல 6 லட்சம் நிலத்துக்கே. அந்தத் தொகை பத்தலைன்னு அங்கேயும் சண்டை இருக்கு, கரையை விட்டு அனுப்புற வேலைன்னு விமர்சனமும் இருக்கு. ரெண்டுமே சரியான விமர்சனம்தான். ஆனா வீட்டுக்கு மட்டும் காசு கொடுத்தா போதாது, நிலத்துக்கும் கொடுக்கணும்ங்கிறதை ஒரு அரசாங்கம் ஒத்துக்கிட்டிருக்கு. நம்ம ஊர்ல அதுவே இன்னும் பேச்சுக்கு வரல. நமக்கு அனுபவம் செம்மஞ்சேரி. கடல் பார்க்க முடியாத இடத்துல வீடு கொடுத்துட்டு, தொழிலுக்கு பஸ் ஏறிப் போன்னு சொன்னது. அந்த மாதிரி இன்னொண்ணு பழவேற்காட்டுக்கு வேண்டாம்.

நம்ம கட்சி கேட்கிறது இதுதான். மாநில அரசு மீனவர் வீட்டுத் திட்டத்தை ஊர் ஊரா, குடும்பக் கணக்கோட தயாரிச்சு வெளியிடணும். கணக்குல சுனாமி வீட்டுக்குள்ள இருக்கிற ரெண்டாம் தலைமுறை குடும்பங்களைத் தனியா எண்ணணும். குப்பங்களை ஒட்டி இருக்கிற அரசு நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு ஒதுக்குறதுக்கு முன்னாடி நத்தமா ஒதுக்கணும், பட்டா குடும்பத் தலைவி பேர்ல இருக்கணும். இருளர் குடும்பங்களுக்கு இதுல முதல் வரிசை. படகுத்துறையும் வலை காயப்போடுற இடமும் ஊர்ப் பொதுச் சொத்துன்னு வரைபடத்துல ஏறணும், இல்லன்னா அடுத்த லேஅவுட்ல அது "பீச் வியூ" ஆயிடும்.

கடலோரத் தோழர்கள் அடுத்த கிராம சபையில இதைத் தீர்மானமா கொண்டு போங்க. எத்தனை வீடு, அதுல எத்தனை குடும்பம், எத்தனை பேருக்குப் பட்டா இருக்குன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. தீர்மானப் புத்தகத்துல ஏத்த வெச்சு நகல் வாங்கி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்க. மனு எழுத ஆள் வேணும்னா இந்தப் பக்கத்துக்கு மெசேஜ் பண்ணுங்க, நம்ம டீம்ல இருந்து வந்து உட்கார்ந்து எழுதித் தருவோம்.

#கடலோரம்_மீனவர்_வீடு
#பழவேற்காடு