அடுக்களைக் கணக்கு யாருடையது?

வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், ஜவுளிக்கு எவ்வளவு, நகைக்கு எவ்வளவு, பந்திக்கு எத்தனை இலை என்று குடும்பத்தார் அனைவரும் கூடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசிப்பதும், அபிப்பிராய பேதம் எழுந்தால் பெரியவர்கள் தலையிட்டு ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதும் நம்மிடையே நெடுங்காலமாக உள்ள நல்ல வழக்கம். ஆனால் வருஷம் முழுவதும், நாளுக்கு மூன்று வேளை நடக்கிற வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவ்வாறு கூடிப் பேசுகிற குடும்பத்தைக் காண்பது அரிதாக இருக்கிறது. மத்திய அரசு 2022-23ஆம் ஆண்டில் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கிராமவாசியின் நுகர்வுச் செலவில் ஏறக்குறைய 46 சதவீதமும், நகரவாசியின் செலவில் ஏறக்குறைய 39 சதவீதமும் உணவுக்கே போகின்றன. இவ்வளவு பெரிய செலவை, விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே ‘இன்றைக்கு என்ன செய்வது’ என்று தனியாகத் தவிக்கிற ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு, மற்றவர்கள் தட்டின் முன்னால் வந்து உட்காருகிறோமே, நம் வீடுகளில் பண்டம் வீணாவதற்கும், மாதக் கடைசியில் கையைப் பிசைவதற்கும், உண்பதில் சலிப்புத் தட்டுவதற்கும் இதுவே மூலகாரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போயிற்று என்றும், அதில் அறுபது சதவீதம் விடுதிகளிலோ கடைகளிலோ அன்றி வீடுகளிலேயே வீணாயிற்று என்றும் கூறுகிறது. இந்தியாவில் தலைக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. அந்தக் கணக்கில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 220 கிலோ ஆகிறது. தோல், கொட்டை, எலும்பு முதலான உண்ணத் தகாதவையும் இதில் சேர்ந்திருக்கின்றன என்பதை மறைக்கக்கூடாது. அவற்றைக் கழித்த பிறகும் எஞ்சுவது சிறு அளவன்று. மூட்டையாக ஒரே நாளில் தெருவில் கொட்டினால் எந்தக் குடும்பமும் பதறிப்போகும். ஆனால் அது ஒரு நாள் பழுத்துப்போன கீரைக் கட்டாகவும், மறுநாள் ஒரு கரண்டி சாம்பாராகவும், இன்னொரு நாள் ஊசிப்போன சட்டினியாகவும் சிறிது சிறிதாகப் போவதனால் யாருடைய கண்ணிலும் படாமலே போய்விடுகிறது.

வீண் என்பது சாப்பிட்டு எழுந்த பின் தட்டில் உண்டாவதாக நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது சந்தையிலேயே உண்டாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் போகிறவர், அந்த வாரத்தில் என்னென்ன சமைக்கப் போகிறோம் என்ற நிச்சயம் இல்லாமல், பசுமையாகத் தோன்றியதையும் மலிவாகச் சொன்னதையும் பை நிறைய வாங்கி வருகிறார். எந்தக் காய் எத்தனை நாள் தாங்கும் என்ற ஞானம் ஒன்று உண்டு. பாட்டிமாருக்கு அது கைவந்த கலையாக இருந்தது. கீரையையும் கொத்தமல்லியையும் அன்றோ மறுநாளோ எடுத்துவிட வேண்டும்; வெண்டைக்காயும் அவரைக்காயும் மூன்று நான்கு நாள் தாங்கும்; முட்டைக்கோசும் காரட்டும் வாரக் கடைசி வரை காத்திருக்கும்; சேனை, கருணை, அறுக்காத முழுப் பூசணி ஆகியவை வாரக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் கெடுவதில்லை. இந்த வரிசையில் சமையலை அமைத்துக்கொண்டால், ஞாயிறன்று முளைக்கீரை மசியலும், செவ்வாயன்று வெண்டைக்காய்ப் பச்சடியும், வெள்ளியன்று கோஸ் பொரியலும், சந்தைக்கு முந்தின சனிக்கிழமை சேனைக்கிழங்கு வறுவலும் என்று வாரம் தானாகவே உருவாகிவிடும். அதில் சிக்கனமும் இருக்கிறது, ஒரு நாளைப் போல மறுநாள் இல்லாத மாறுதலும் இருக்கிறது.

பருவத்தோடு ஒத்துப்போவது இதற்கு அடுத்தபடி அவசியமானது. தை மாதத்து மொச்சையும் பரங்கியும் சர்க்கரைவள்ளியும், சித்திரை வைகாசியின் மாங்காயும் முருங்கையும் வந்து குவியும் காலத்தில் மலிவாகவும் ருசியாகவும் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே சென்னை நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததை அநேகர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களிலும் தக்காளி இல்லாமல் குழம்பு ஏது, ரசம் ஏது என்று தயங்கி, இருநூறு கிராமாவது வாங்கிக்கொண்டு வந்தவர்கள் பலர். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் தேசத்துக்கு வந்து சேர்ந்த பயிர். அது வருவதற்கு முன்பே புளியும் எலுமிச்சையும் மாங்காயும் மிளகும் கொண்டு நம் அடுக்களைகள் செழித்திருந்தன. விலை ஏறினால் வேறு புளிப்பைத் தேடுகிற சுதந்திரம் நம் சமையலின் இயல்பிலேயே இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை நாம் பயன்படுத்தத் தவறுகிறோம்.

அடுத்தது அளவு. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ என்னும் நூல் இரண்டு மூன்று தலைமுறைப் பெண்களுக்குத் துணையாக நின்றதற்கு, அதிலுள்ள பதார்த்தங்களின் ருசி எவ்வளவு காரணமோ, ஒவ்வொன்றுக்கும் ஆழாக்குக் கணக்கில் அளவு சொல்லப்பட்டிருப்பதும் அவ்வளவு காரணம் என்று நினைக்கிறேன். படிக்கு எட்டு ஆழாக்கு. தலைக்கு இத்தனை ஆழாக்கு என்று அளந்து உலையில் இட்ட காலத்தில் சோறு மிஞ்சுவது குறைவாக இருந்தது. இன்று கண்ணளவாக அரிசியைக் களைந்து போடுகிறோம். ஒரு குவளை அரிசி ஏறக்குறைய மூன்று குவளைச் சோறாகப் பெருகுவதனால், கை சற்றே தாராளமாகிவிட்டாலும் இருவர் உண்ணும் சோறு மிஞ்சிவிடுகிறது. எதிர்பாராமல் யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இதற்குப் பின்னால் நிற்கிறது. அந்தப் பயம் உயர்ந்த பண்பிலிருந்து பிறந்தது, அதை நான் குறைகூற மாட்டேன். எனினும் விருந்தாளிக்கென்று வைக்கும் பங்கைப் பானையில் வைப்பதைவிட டப்பாவில் வைப்பது விவேகம்: ரவை, அவல், சேமியா, அப்பளம், இரண்டு மோர்மிளகாய் இருந்தால், வந்தவரைப் பத்து நிமிஷத்தில் மனம் மகிழ உபசரிக்கலாம், வராவிட்டால் அவை கெடவும் போவதில்லை.

குன்னூரில் அந்தக் காலத்தில் நடந்த போஷாக்கு ஆராய்ச்சியை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அங்கிருந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக 1935 முதல் பத்தாண்டு இருந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும் திருப்தியான உணவுத் திட்டங்களை வகுக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிறு நூலை 1937இல் வெளியிட்டார். அந்த நிலையமே பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. ஏழைக் குடும்பத்தின் சோற்றுத் தட்டைப் பருப்பு, கீரை, கொஞ்சம் பால் ஆகியவற்றால் நிறைவாக்க முடியும் என்பது அவ்வாராய்ச்சிகளின் சாரம். ஆலையில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் உயிர்ச்சத்து அதிகம் தங்குகிறது என்பதையும், அரிசியைப் பலமுறை அலசுவதாலும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் எஞ்சியிருக்கும் சத்தும் கரைந்து போகிறது என்பதையும் அக்காலத்து நிபுணர்கள் வற்புறுத்தினார்கள். குப்பைத் தொட்டியில் விழுவது மட்டுமே வீண் என்று கருதுகிற நமக்கு, சாக்கடையில் ஓடுகிற இந்த வீண் புலப்படுவதே இல்லை. கொல்லையில் மாடு நின்ற காலத்தில் கழுநீரும் வடிகஞ்சியும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்குப் போய்ப் பாலாகத் திரும்பி வந்தன. அடுக்குமாடி வீட்டில் அந்த வழி அடைபட்டுவிட்டதனால், முன்னைவிட நாம் கருத்தாக இருக்க வேண்டிய காலம் இது.

சிக்கனத்தைப் பற்றி உபதேசிப்பவர்கள் பலரும் ருசியை மறந்துவிடுகிறார்கள். அதனாலேயே அவர்கள் சொல் எடுபடுவதில்லை. நேற்றைய பண்டத்தை நேற்றைய உருவிலேயே சுடவைத்து வைத்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பதில் ஆச்சரியம் என்ன? அவர்கள் பரோட்டாக் கடையை நாடிப் போனால், மிச்சம் பிடித்த காசும் அங்கேதான் போகும். திருநெல்வேலிச் சீமையில் விருந்துக்கு மறுநாள் மிஞ்சிய சாம்பாரையும் கூட்டையும் பொரியலையும் ஒன்றாகச் சேர்த்து, அடுப்பில் நிதானமாகச் சுண்டவைத்துச் செய்கிற சுண்டக்கறியை உண்டவர்களுக்குத் தெரியும், அதற்காகவே விருந்தில் சற்று மிஞ்ச வேண்டுமென்று ஏங்குகிறவர்கள் உண்டென்பது. மிஞ்சிய இட்லியை உதிர்த்துக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த உப்புமாவாகவும், புளித்த மாவை வெங்காயம் சேர்த்துக் குழிப்பணியாரமாகவும், பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாகவும், வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கிப் பொரியலாகவும், முள்ளங்கியோடு வருகிற கீரையைப் பருப்பிட்ட கூட்டாகவும் மாற்றிக் காட்டிய கைகள், வறுமையை மறைப்பதற்காக மட்டும் அவற்றைச் செய்யவில்லை. பண்டத்தின் மேல் கொண்ட மரியாதையும், உண்பவர் மேல் கொண்ட பிரியமும் அவற்றில் கலந்திருந்தன. தாளிப்பு புதிதாக இருக்க வேண்டும், வடிவம் மாற வேண்டும், கூட ஒரு அப்பளமாவது சுட்டு வைக்க வேண்டும். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. வெயில் நாளில் மதியம் வடித்த சோற்றை அப்படியே இரவு வரை வெளியில் வைத்திருந்தால், மீண்டும் சூடாக்கினாலும் நீங்காத நஞ்சு அதில் உண்டாகக்கூடும். நீரூற்றிப் புளிக்கவிட்டுக் காலையில் உண்கிற பழையசோற்றின் முறை வேறு, அசட்டையாக விட்டுவைப்பது வேறு. கெட்டுப்போனதைச் சிக்கனம் என்ற பெயரால் யாரும் உண்ணக்கூடாது.

இந்த இடத்தில் மனத்தை உறுத்துகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘எங்கள் வீட்டில் ஒரு பருக்கை வீணாவதில்லை’ என்று பெருமையோடு சொல்கிற குடும்பங்கள் பலவற்றில், மிஞ்சியதெல்லாம் எங்கே போகிறது என்று விசாரித்தால், அது அந்த வீட்டுத் தாயின் தட்டுக்குப் போகிறது என்பது தெரியவரும். எல்லோரும் உண்டு எழுந்த பிறகு, ஆறிப்போன சோற்றோடு பாத்திரத்தின் அடியில் ஒட்டிய குழம்பைக் கலந்து அவள் உண்கிறாள். பொரியல் தீர்ந்திருக்கும், பருப்பு தீர்ந்திருக்கும், சோறு மட்டும் வேண்டியதற்கு மேல் இருக்கும். வீணாகக்கூடாதென்று பசிக்கு மிஞ்சியும் அதை உண்பாள், சில நாள் ஒன்றும் மிஞ்சாமல் மோரைக் குடித்துவிட்டுப் படுப்பாள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று காட்டுகிறது. அதற்குக் காரணங்கள் பல. கடைசியில் உண்கிற இந்தச் சம்பிரதாயத்துக்கும் அதில் பங்குண்டு என்று நான் நம்புகிறேன். ஒருத்தியின் உடம்பைக் கிடங்காக வைத்துக்கொண்டு நடக்கிற சிக்கனம் சிக்கனமாகாது. உணவைத் திட்டமிடுவது குடும்பத்தார் அனைவருக்கும் பொதுவான காரியம் என்று நான் வாதாடுவது இதன் பொருட்டே.

அதற்கு வேண்டிய நேரம் அதிகமில்லை. சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் கால்மணி நேரம் எல்லோரும் இருந்து, வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து, ஆளுக்கொரு பதார்த்தம் கேட்டு, அடுத்த வாரத்துச் சமையலை நாட்காட்டியின் ஓரத்திலேயே குறித்துவிடலாம். தான் கேட்ட பதார்த்தம் எந்த நாளில் வரும் என்று தெரிந்த பிள்ளை மற்ற நாட்களில் அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. சந்தைக்கு முந்தின நாளை, குளிர்ப்பெட்டியில் மிஞ்சியவற்றைத் தீர்க்கும் நாளாக வைத்துக்கொண்டு, அன்றைய மிச்சத்தை எல்லோருடைய தட்டிலும் சமமாகப் பரிமாற வேண்டும். சமைத்தவளும் கூடவே உட்கார வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்று கேட்பார்கள். தினமும் காலையில் யோசிக்கிற நேரத்தையும், மறந்துபோன பச்சைமிளகாய்க்காகக் கடைக்கு ஓடுகிற நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், அந்தக் கால்மணி எவ்வளவு மலிவானது என்பது விளங்கும்.

அன்றாடக் கூலியில் அன்றன்றைக்கு எண்ணெயும் பருப்பும் வாங்கிச் சமைக்கிற குடும்பங்களுக்கு இந்த யோசனைகளை உபதேசிக்க எனக்கு மனம் வராது. அவர்கள் வீட்டில் வீணாவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. நியாயவிலைக் கடையில் இலவச அரிசியும், 30 ரூபாய்க்குக் கிலோ துவரம் பருப்பும், 25 ரூபாய்க்கு லிட்டர் பாமாயிலும் கிடைப்பதே அவர்களுடைய திட்டத்தின் ஆதாரம். அவை மாதந்தவறாமல், தேதி தவறாமல் கிடைக்கும்படி செய்வதே அவர்களுக்கு நாம் செய்யத்தக்க உதவி. நான் பேசுவது, இருக்கிற வீடுகளைப் பற்றி.

அந்த வீடுகளில் வளர்கிற ஆண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மனையியல் என்ற பாடம் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் பெண்களுக்கே உரியதாக நடந்து வந்திருக்கிறது. அது பையன்களுக்கும் வேண்டும். ஐந்து பேருக்கு எத்தனை குவளை அரிசி என்று அளக்கவும், நுனியை ஒடித்து வெண்டைக்காயின் இளமையைப் பார்க்கவும், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கவும், இரவே கொண்டைக்கடலையை ஊறப்போடவும், குளிர்ப்பெட்டியின் பின்தட்டில் என்ன கிடக்கிறது என்று வாரம் ஒருமுறை குனிந்து பார்க்கவும், பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு கோடை விடுமுறைக்குள் நன்றாகவே கற்றுக்கொண்டுவிடுவான்.