நமக்காக நாம் எழுதுவது

எழுத்து என்பது எழுத்தாளர்களுக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பள்ளியில் கட்டுரை எழுதினோம். பணியில் சேர்ந்தபின் விண்ணப்பங்களும் அறிக்கைகளும் எழுதினோம். ஓய்வு பெற்றபின்போ, படிவங்களில் கையொப்பம் இடுவதோடு பேனாவின் பணி முடிந்துவிடுகிறது. யாரும் கேட்காமல், நாமாகவே நம் வாழ்வைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதியவர்கள் நம்மில் மிகச் சிலரே. 'நான் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்?' என்னும் தயக்கமே பலரைத் தடுத்துவிடுகிறது. ஆனால், எழுத்தினால் முதலில் பயன் பெறுபவர் எழுதுபவரே என்பது நமது கருத்து. படிப்பவர் வந்தால் வரட்டும்.

வங்கிக்கு வந்துபோகும் நமக்கு எளிதில் விளங்கக்கூடிய எழுத்து, வரவுசெலவுக் கணக்கு. லண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் வண்டிக் கட்டணம், தபால் செலவு, செய்தித்தாள் என ஒவ்வொரு காசையும் எழுதிவைத்து, உறங்கச் செல்லுமுன் கையிருப்பைச் சரிபார்த்ததாகக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். பின்னர் செலவைப் பாதியாகக் குறைக்க அவர் முடிவு செய்தபோது, வண்டிக் கட்டணமே அடிக்கடி இடம்பெறுவதை அக்கணக்குதான் காட்டிக்கொடுத்தது. அதன்பின் நடந்தே செல்லத் தொடங்கினார். எழுதாத செலவு 'எப்படியோ போயிற்று' என்று மறைந்துவிடும். எழுதிய செலவு நம்மைக் கேள்வி கேட்கும்.

மனத்தின் கணக்கும் ஏறத்தாழ இப்படித்தான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் பெயர்பெற்றது. கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். சிலருக்குச் சாதாரணப் பொருள்கள் தரப்பட்டன; மற்றவர்கள் தங்கள் வாழ்வின் பெருந்துயரங்களைப் பற்றி எழுதினார்கள். துயரத்தில் நடந்ததையும் அப்போது தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்தவுடன் மனம் கனத்துத்தான் போனார்கள். எனினும் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது குறைவாக இருந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில் இப்பலன் கூடியும் குறைந்தும் காணப்பட்டது. ஆகவே இதை மருந்தாகக் கொள்ள வேண்டியதில்லை. மருத்துவரிடம் செல்லவேண்டியவர் சென்றே ஆகவேண்டும்.

ஆய்வுகளைவிட நம்மை அதிகம் கவர்வது, வங்கத்தைச் சேர்ந்த ராஸ்சுந்தரி தேவியின் வாழ்க்கை. பெண் படித்தால் விதவையாவாள் என்று நம்பிய காலம் அது. 12 வயதில் மணமாகிப் பெரிய குடும்பத்துக்குள் வந்த அவர், பகலெல்லாம் சமையலிலும் பிள்ளைகளைப் பேணுவதிலும் கழித்தார். உண்ண நேரமின்றிப் பட்டினியாகவே சில நாட்கள் முடிந்ததுண்டு. இந்நிலையில் 'சைதன்ய பாகவத'த்தின் ஓர் ஏட்டைச் சமையலறையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையின் எழுத்துகளோடு ஒப்பிட்டு, யாரும் அறியாமல் வாசிக்கக் கற்றார். எழுதக் கற்றது நெடுங்காலத்துக்குப் பின்னரே. வெளியூரில் இருந்த மகன், தன் கடிதங்களுக்கு அம்மா பதில் எழுதாததைக் குறையாகச் சொன்னபோதுதான் பேனா அவர் கைக்கு வந்தது. அவர் எழுதிய 'அமார் ஜீபன்' 1876-இல் நூலாக வெளிவந்தது. வங்கமொழியின் முதல் முழுமையான தன்வரலாறாக அது கருதப்படுகிறது. இரண்டாம் பகுதி 1897-இல் வெளிவந்தபோது அவர் 80 வயதைக் கடந்திருந்தார்.

அந்நூலில் ஒரு குதிரை வருகிறது. கணவரின் குதிரை ஜயஹரி முற்றத்தில் நின்று நெல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. கணவருடைய குதிரையாயிற்றே, அதன் கண்ணில் படலாமா என்று கூசி, இளம் மனைவி வீட்டுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்! முதுமையில் இதை எழுதும்போது, தம்மை ஆட்டிவைத்த அச்சம் எவ்வளவு பெரிதாக இருந்தது, எவ்வளவு பொருளற்றதாகவும் இருந்தது என்பதை அவரே காண்கிறார். மனத்துக்குள் மட்டும் வைத்திருக்கும் அச்சத்தைச் சுற்றிவந்து பார்க்க இயலாது. தாளில் இறக்கிவைத்த அச்சத்தை எல்லாப் பக்கமிருந்தும் பார்க்கலாம். நம் ஒவ்வொருவர் வீட்டு முற்றத்திலும் ஏதோ ஒரு ஜயஹரி நின்றுகொண்டுதான் இருக்கிறது. அது மேலதிகாரியின் கடுஞ்சொல்லாக இருக்கலாம், உடன்பிறந்தாரோடு பேச்சு நின்றுபோன ஒரு பாகப்பிரிவினையாகவும் இருக்கலாம்.

தொடங்குவது கடினமன்று. இலக்கணம், நடை, எழுத்துப் பிழை ஆகியவற்றை எண்ணி அஞ்சவேண்டாம். முதல் ஆறு மாதம் யாரிடமும் காட்டாமல் இருப்பது நல்லது. பாராட்டை எதிர்பார்த்து எழுதினால் பாராட்டுக்குரியவற்றை மட்டுமே எழுதுவோம். பகிர்வதற்குக் கைப்பேசி இருக்கிறது. தனிமைக்கு நோட்டுப் புத்தகமே ஏற்றது. தினமும் எழுதியாக வேண்டும் என்ற விரதமும் தேவையில்லை. என்ன எழுதுவதென்று தோன்றாத நாளில் அன்றைய செலவை எழுதலாம். 'மருந்து 340 ரூபாய்' என்று எழுதிய கை, அம்மருந்து யாருக்காக, அவர் இரவு எப்படி உறங்கினார் என்று தானாகவே அடுத்த வரிக்குச் செல்லும்.

புத்தாண்டுக்குக் கிடைத்த நாட்குறிப்பேடு பல வீடுகளில் ஜனவரி முதல் வாரப் பால் கணக்கோடு நின்று, அலமாரியில் உறங்கிக்கொண்டிருக்கும். அதுவே போதும், மீதிப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. மனத்தில் உள்ள எதையும் அதில் எழுதலாம், ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண்ணைத் தவிர.