அந்த வீட்டில் ஓர் அம்மா

ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு என்றால் எல்லோருக்கும் அவர் நினைவுதான் வரும். எனக்கென்னவோ அவருடைய அம்மா மேரியின் நினைவுதான் வருகிறது!

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரில், ஹென்லி தெருவில் இருக்கிறது அந்த வீடு. 16-ம் நூற்றாண்டில் கட்டியது. ஓக் மரச் சட்டங்கள், நடுவே பின்னிய குச்சிகள், அதன்மேல் மண் பூச்சு. ஒரு பக்கம் குடித்தனம். இன்னொரு பக்கம் அப்பா ஜானின் கையுறைப் பட்டறை. இதே தெருவில் குப்பையைக் குவித்ததற்காக 1552-ல் அவருக்கு அபராதம் போட்டார்கள் என்றால் பாருங்களேன்!

மேரி முதல் இரண்டு பெண் குழந்தைகளையும் பறிகொடுத்தவள். மூன்றாவதாக 1564 ஏப்ரலில் வில்லியம் பிறந்தான். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஊருக்குள் பிளேக் வந்துவிட்டது. 200 பேருக்குமேல் செத்துப் போனார்கள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எத்தனை ராத்திரி கண் விழித்தாளோ, பாவம்! நல்லவேளை, பிள்ளை பிழைத்தான்.

பிற்காலத்தில் வீட்டின் ஒரு பகுதி சத்திரமாயிற்று. இன்னொரு பகுதியில் கசாப்புக் கடை வந்தது. 1847-ல் ஏலத்துக்கு வந்தபோது, நிதி திரட்டி 3,000 பவுண்டு கொடுத்து வாங்கிக் காப்பாற்றினார்கள். இப்போது அது காட்சியகம். உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

மேரிக்குத் துணை பிரார்த்தனை மட்டும்தான். நம் கையில் தடுப்பூசி அட்டை இருக்கிறது. ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று மட்டும் தள்ளிப் போடாதீங்க!