பொறுக்குபவர் மீது ஏன் வழக்கு?

நிலத்தில் உதிர்ந்து கிடக்கும் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் புதைபடிவத்தைக் குனிந்து எடுப்பதும், பொக்லைன் கொண்டுவந்து பாறையைப் பெயர்ப்பதும் ஒரே குற்றம் என்கிறது 2022 டிசம்பர் 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட புவிப் பாரம்பரியச் சட்ட வரைவு. அறிவிக்கப்பட்ட இடத்தில் அழிப்பது, அகற்றுவது, சிதைப்பது எல்லாம் ஒரே பிரிவில் அடங்குகின்றன. தண்டனையும் ஒன்றே: ஆறு மாதம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் இல்லாததால் இந்த நாடு இழந்த புதைபடிவங்கள் ஏராளம். ஆனால் எதைக் காக்கப் புறப்பட்டார்களோ அதன் இயல்பை அறியாமலே இந்த வரைவை எழுதியிருக்கிறார்கள். அரியலூரும் பெரம்பலூரும் அதற்குச் சாட்சி.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை, கொளக்காநத்தம் பகுதியின் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. இன்று அது மரம் நிற்காத வெற்று மேடு. ஒவ்வொரு மழையும் அதை ஓடை ஓடையாக அறுக்கிறது; உள்ளே புதைந்திருந்த சுருள் ஓடுகள் தாமாகவே வெளியே வருகின்றன. வெளியே வந்த அம்மோனைட் அங்கேயே பத்திரமாக இருப்பதில்லை. வெயிலில் விரிசல் விடும். அடுத்தடுத்த மழைகளில் உருண்டு உடையும். கடைசியில் எந்த இனம் என்று எவராலும் சொல்ல முடியாத துணுக்குகளாகிவிடும். இந்த நிலத்தில் யாரும் தொடாமல் விட்டால் புதைபடிவம் அழியும். யாராவது எடுத்து, எங்கே எடுத்தோம் என்று குறித்துவைத்தால்தான் பிழைக்கும். வரைவோ தொடாமல் விடுவதையே பாதுகாப்பு என்று நம்புகிறது. அந்த நம்பிக்கை கோயில் சிற்பத்துக்குப் பொருந்தலாம். மழைக்கு மழை கரையும் களிமண்ணுக்கு ஒருநாளும் பொருந்தாது.

இந்த மண்ணின் பெருமையை உலகுக்குச் சொன்னவர்களே கல் பொறுக்கியவர்கள்தான். 1840-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் புதைபடிவங்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். பிளான்ஃபோர்டு நிலவியல் வரைபடம் போட்டதும், ஸ்டோலிச்கா இனம் இனமாக விவரித்ததும், கோஸ்மாட் மறுபடி ஆராய்ந்ததும் அதற்குப் பிறகுதான். ஊட்டத்தூர், அரியலூர் என்ற ஊர்ப் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் ஏறியதற்கு முதல் காரணம் ஆர்வலர்களின் சேகரிப்பு. இந்த வரைவு சட்டமாகிக் காரை அறிவிக்கப்பட்ட இடமானால், அதே ஆர்வத்தோடு அங்கே போகும் ஒரு கல்லூரி மாணவி, அவள் எடுக்கும் கல்லுக்கு முன்அனுமதி காட்ட வேண்டியிருக்கும். கண்டகி ஆற்றிலிருந்து வந்த சாளக்கிராமத்தைத் தலைமுறைகளாகப் பூஜையறையில் வைத்துப் போற்றும் வீடுகள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தச் சாளக்கிராமங்கள் பலவும் அம்மோனைட்டுகளே. குனிந்து எடுப்பது நம்மிடையே இழிவான பழக்கமாக இருந்ததில்லை.

வெளிநாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் டார்செட் கடற்கரை 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே கடல் செய்வதைக் காரையில் மழை செய்கிறது. லைம் ரீஜிஸ், சார்மத் கரைகளில் உதிர்ந்து கிடப்பதை எவரும் எடுக்கலாம். செங்குத்துப் பாறையைக் குடையக் கூடாது. அறிவியல் முக்கியத்துவம் உள்ளது கிடைத்தால் பதிவு செய்ய வேண்டும். கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் 1978 முதல் புதைபடிவம் அரசுடைமை. ஆனாலும் நிலத்தின் மேல் கிடப்பதை, நிலத்துக்காரர் சம்மதத்தோடு எடுத்தவர் காப்பாளராக வைத்துக்கொள்ளலாம். அனுமதியின்றி விற்கவோ மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோகவோ கூடாது. உதிர்ந்ததற்கும் பாறையில் பதிந்ததற்கும், சேகரிப்புக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த விதிகளில் தெளிவாக இருக்கிறது. நம் வரைவில் அது இல்லை.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் வியாபாரிகள் புகுந்துவிடுவார்கள் என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் அம்மோனைட்டுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பனையாவது ஊரறிந்தது. அம்மோனைட் இனங்கள் வேகமாக மாறியவை. அதனால்தான் அவற்றை வைத்துப் பாறையடுக்கின் வயதைக் கணிக்கிறார்கள். எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பை இழந்த கல்லுக்கு ஆய்வில் பாதி மதிப்புகூட இல்லை. இந்தக் கவலையை நாமும் முழுமையாகப் பகிர்கிறோம். அதனால்தான் கேட்கிறோம்: எடுத்தவர் அச்சமின்றி வந்து காட்டினால் அல்லவா இடக்குறிப்பு கிடைக்கும்? காட்டினாலே வழக்கு என்றால் வியாபாரி மேலும் மறைவாக வியாபாரம் செய்வார். விவரம் சொல்ல விரும்பும் பள்ளி ஆசிரியர்தான் வாயை மூடிக்கொள்வார். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. நிலவியலாளர்கள் பார்த்து, அவை அம்மோனைட் சார்ந்த உருண்டைகள் என்று விளக்கினார்கள். ஊர் மக்கள் பயப்படாமல் பேசியதால்தான் அந்த விளக்கம் சாத்தியமாயிற்று.

இதைவிட மோசமானது, 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் இத்தகைய இடங்களை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்ற பிரிவு. பெரம்பலூரில் மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற விவசாயியின் கொழுவில் ஒரு பெரிய அம்மோனைட் மாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொன்னால் நிலம் போகலாம் என்று தெரிந்த பிறகு அவர் யாரிடம் சொல்வார்? உடைத்து வரப்பில் போட்டுவிட்டு உழவைத் தொடர்வார். அவரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

காப்பதில் அரசின் கடந்தகாலம் என்ன? தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று சாத்தனூர் கல்மரத்துக்கும் திருவக்கரைக்கும் பட்டம் கொடுத்தார்கள். பட்டத்துக்குப் பின்னால் சட்டம் இல்லை. குஜராத்தின் ரய்யோலியில் 1980-களின் தொடக்கத்தில் டைனோசர் எலும்புகளும் முட்டைகளும் வெளிப்பட்டன. காவலின்றிக் கிடந்த ஆண்டுகளில் கண்டவர் எல்லாம் அள்ளிப் போனார்கள். பாரம்பரிய இடங்களுக்கு ஓர் ஆணையம் அமைக்க 2009-ல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. அரியலூரைச் சுற்றிய சிமென்ட் சுரங்கங்களில், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அடுக்கடுக்காகப் படிந்த பழங்கடல் சிப்பிகள் பல பத்தாண்டுகளாக அரைவை ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சுரங்கத்தில் வெளிப்படுவதை ஒரு வல்லுநர் பார்த்த பிறகே அரைக்க வேண்டும் என்று கண்டிப்பான ஏற்பாடு செய்ய இத்தனை காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை. லாரி லாரியாகப் போனபோது பேசாதிருந்தவர்களுக்கு, கைப்பையில் போகும் கல் மட்டும் எப்படிக் கண்ணில் பட்டது?

இந்த வரைவின்படி, எந்த இடத்தைக் காப்பது, எதைப் பட்டியலிலிருந்து நீக்குவது என்ற அதிகாரம் முழுவதும் டெல்லிக்குப் போகிறது. அதுவும் கனிமம் தோண்டுவதை ஊக்குவிப்பதே கடமையான அமைச்சகத்தின் கைக்கு. மாநிலத்துக்கும், பல்கலைக்கழகங்களுக்கும், தலைமுறைகளாக அந்த ஓடைகளில் ஆடு மேய்ப்பவர்களுக்கும் முடிவெடுப்பதில் இடமில்லை. சுரங்க நலனும் புதைபடிவ நலனும் ஒரே கல்லின் மேல் மோதும் நாளில் எந்தப் பக்கம் தீர்ப்பு சாயும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. கருத்துச் சொல்லக் கடைசி நாளாக 2023 ஜனவரி 14, போகியை வைத்தார்கள். பயிரும் பண்டிகையுமாக ஊர் இருக்கும் நாட்களில், கிராமத்தார் இந்த வரைவைப் படித்துப் பதில் எழுதுவார்கள் என்று உண்மையாகவே எதிர்பார்த்தார்களா? அவகாசத்தை நீட்டியிருக்க வேண்டும். வரைவைத் திரும்பப் பெற்று, அந்த நிலத்தை அறிந்தவர்களை உட்காரவைத்து மீண்டும் எழுத வேண்டும். அதற்குமுன் காரையில் கல் எடுத்த எவர் மீதும் கை வைக்கக் கூடாது.