ஆறாயிரம் வெள்ளிக் கோடு

விடியற்காலை நான்கு மணிக்குச் செனாயில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஊர் தூங்கிக்கொண்டிருக்கும், சாலை மட்டும் தூங்காது. மழைக்கோட்டும் தலைக்கவசமுமாக மோட்டார் சைக்கிள்கள் ஜொகூர் பாரு பக்கம் வரிசையாகப் போகும். காலை நிகழ்ச்சிக்குக் கிளம்பும் நான் பல வருடமாக இந்த வரிசையைப் பார்க்கிறேன். அதில் என் சித்தி மகனும் ஒருவன்.

சிங்கப்பூரில் பொறியியல் வேலை. ‘எஸ் பாஸ்’ அனுமதி. மாதக் கடைசியில் ஓவர்டைமும் ஷிப்ட் படியும் சேர்த்துக் கைக்கு 6,400 சிங்கப்பூர் வெள்ளி வரும். சிங்கப்பூரில் 6,000 வெள்ளி சம்பளம் இருந்தால் மனைவியையும் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. உட்லண்ட்ஸ் பக்கம் வாடகை அறை பார்த்தான். மகளுக்கு அங்கே பாலர் பள்ளியும் விசாரித்தான். சித்தி வீட்டில் பெட்டி கட்டாத குறைதான்.

ஒரு நாள் அலுவலகத்தில் மனிதவளப் பிரிவுப் பெண்மணியிடம் விண்ணப்பம் பற்றிக் கேட்டிருக்கிறான். குடும்பத்துக்கான அனுமதிக்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது, முதலாளி தரப்பு அல்லது முகவர்தான் செய்ய வேண்டும். அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: “உங்கள் நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு?”

அன்று இரவு எனக்குப் போன் வந்தது. “அக்கா, 6,400 எடுக்கிறேன். ஆனா கணக்குல நான் 5,300தானாம்.”

இந்த ஒரு வரியைத்தான் இந்த வாரம் உங்களோடு பேச நினைக்கிறேன். நம் பக்கத்து வீடுகளில் எத்தனையோ பேர் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் கணக்கில் நிலையான மாதச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும், மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும் மட்டுமே. ஓவர்டைம், போனஸ், கமிஷன், ஆண்டிறுதியில் வரும் 13ஆம் மாதச் சம்பளம் எதுவும் அதில் சேராது. தம்பிக்கு அடிப்படை 4,900, நிலையான படி 400. மீதியெல்லாம் அவன் தூக்கம் விற்று வாங்கிய காசு. அந்தக் காசு அரிசிக்கு உதவும், அனுமதிக்கு உதவாது.

கோடுகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ புதிதாக எடுக்க 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 5,600 வெள்ளி. நிதித் துறை என்றால் 6,200. வயது கூடக்கூட இந்தத் தொகையும் கூடும். ‘எஸ் பாஸ்’ புதிதாக எடுக்க 2025 செப்டம்பரிலிருந்து 3,300. இவை ஆளை உள்ளே விடும் கோடுகள். குடும்பத்தை உள்ளே விடும் கோடு வேறு. மனைவி அல்லது கணவர், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு ‘டிபெண்டன்ட் பாஸ்’ வாங்க நிலையான சம்பளம் 6,000 வேண்டும். அப்பா அம்மாவை நீண்டகால வருகை அனுமதியில் வைத்துக்கொள்ள 12,000. ‘வொர்க் பெர்மிட்’டில் இருப்பவர்களுக்கு இந்த வசதியே கிடையாது.

இந்தக் கோடுகள் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. 2015இல் மனைவி பிள்ளைகளுக்கு 5,000, பெற்றோருக்கு 10,000 என்று இருந்தது. 2018 ஜனவரியில் 6,000, 12,000 ஆனது. ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ கோடு 2020 செப்டம்பரில் 4,500, 2022 செப்டம்பரில் 5,000, பிறகு 5,600. புதுப்பிக்கும்போதும் புதிய தொகையைத்தான் பார்ப்பார்கள். ஆகவே இன்று சரியாகக் கோட்டின்மேல் நிற்பவர், இரண்டு வருடம் கழித்து அதே சம்பளத்தில் கோட்டுக்குக் கீழே நிற்கக்கூடும்.

இதைச் சொன்னதும், “சிங்கப்பூர்க்காரர்கள் ரொம்பக் கறார்” என்று ஒரு நேயர் அலுத்துக்கொண்டார். நம் நாட்டையும் பார்க்க வேண்டாமா? இங்கே வந்து நீண்டகாலம் தங்க விரும்பும் வெளிநாட்டவருக்கு ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டம் இருக்கிறது. 2021இல் அதற்கான மாத வருமானத்தை 10,000 ரிங்கிட்டிலிருந்து ஒரேயடியாக 40,000 ரிங்கிட்டுக்கு உயர்த்தினார்கள். வங்கியில் 1 மில்லியன் ரிங்கிட் நிரந்தர வைப்பும் கேட்டார்கள். ஜொகூர் சுல்தானே இதைப் பற்றிக் கவலை தெரிவித்தது பலருக்கு நினைவிருக்கும். 2024இல் விதிகள் மறுபடி மாறி, சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பிரிவுகள் வந்தன. சில்வர் பிரிவுக்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்பு, 5 வருட அனுமதி, கூடவே குறைந்தது 600,000 ரிங்கிட்டுக்கு வீடு வாங்க வேண்டும். நம் ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டிக்கான சிறப்புப் பிரிவில் 50 வயதைத் தாண்டியவருக்கு 32,000 டாலர் வைப்பு போதும்.

ஆக, அந்தக் கரை மாதச் சம்பளத்தை அளக்கிறது, இந்தக் கரை வங்கிக் கணக்கை அளக்கிறது. எந்தக் கரையானாலும் அளவுகோல் அவர்கள் கையில். எந்த வருடமும் மாறலாம். வெளிநாட்டில் தங்கப் போகிறவர் இதை மனத்தில் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அதனால், அக்கரைக்குக் குடும்பத்தோடு போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான்கு விஷயங்கள்.

ஒன்று, வேலைக் கடிதத்தில் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். நிலையான சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு, கூடப் போகிற துணைக்கும் வேலை கிடைத்துவிடும் என்று நம்பி வாடகை பேசாதீர்கள். 2021 மே முதல் ‘டிபெண்டன்ட் பாஸ்’ வைத்திருப்பவர் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய, தன் பெயரில் தனி வேலை அனுமதி எடுக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளியும் அப்படித்தான். அரசாங்கப் பள்ளியில் முதலாம் வகுப்புப் பதிவில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முடிந்த பிறகே வெளிநாட்டுப் பிள்ளைகளின் முறை. கட்டணமும் பல மடங்கு.

மூன்று, வேலை போகும் நாளுக்கு இன்றே பணம் ஒதுக்குங்கள். உங்கள் அனுமதி ரத்தானால் மனைவி பிள்ளைகளின் அனுமதியும் அதோடு போய்விடும். வழக்கமாக 30 நாள் குறுகிய கால வருகை அனுமதி கிடைக்கும். அதற்குள் வீட்டைக் காலி செய்து கிளம்ப வேண்டும். இதில் இன்னொரு சங்கதி உண்டு. வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது, வருமான வரிக் கணக்கு முடியும்வரை முதலாளி அவருக்குச் சேர வேண்டிய பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கையில் காசு மிகவும் தேவைப்படும் அந்த மாதத்தில்தான் சம்பளம் தாமதமாகும். குறைந்தது மூன்று மாதச் செலவு தனியாக இருக்கட்டும்.

நான்கு, முதுமைக்கு யாரும் உங்களுக்காகச் சேர்த்து வைக்கவில்லை. அங்கே நிரந்தரவாசி ஆகாதவரை சிபிஎஃப் சேமிப்பு கிடையாது. இங்கே ஊழியர் சேமநிதியில் நாமாகவே பணம் போடலாம், ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை. சிங்கப்பூர் வெள்ளியை மாற்றும் அன்றே ஒரு பங்கை அங்கே போட்டுவிடுங்கள்.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரையிலான ஆர்டிஎஸ் ரயில் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஏறக்குறைய 4 கிலோமீட்டர், ஐந்தே நிமிடப் பயணம். பாலத்து நெரிசலில் தவிப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் ரயில் வேகமாகப் போவதால் சம்பளக் கோடு கீழே இறங்காது. தினமும் போய் வருவதா, குடும்பத்தோடு குடியேறுவதா என்ற கேள்வி அப்போதும் இருக்கும்.

தம்பி கதைக்கு வருகிறேன். எட்டு மாதம் பொறுத்திருந்தான். போன மாதம் வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நிலையான சம்பளம் 6,050, ஓவர்டைம் கிடையாது. கைக்கு வருவது முன்பைவிட 350 வெள்ளி குறைவு. இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். “கோட்டுக்கு மேல வெறும் அம்பது வெள்ளிதான் அக்கா. மறுபடி ஏத்தினாங்கன்னா யோசிக்கணும்” என்றான். கணக்குத் தெரிந்து எடுத்த முடிவு. அதனால் எனக்குப் பயமில்லை.

பெட்டி கட்டும் அன்று நானும் போயிருந்தேன். பேத்தியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த சித்தி, தலையைத் தூக்காமலே கேட்டார்: “ஏம்மா, நான் அங்க வந்து இருக்கணும்னா எவ்வளவாம்?”

“பன்னிரண்டாயிரம், சித்தி.”

கொஞ்ச நேரம் மடிப்பதை நிறுத்தினார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: “சரி, நான் செனாயிலேயே இருக்கேன். வெள்ளிக்கிழமை ராத்திரி மூணு பேரும் வந்துடுங்க. சோறு வச்சிருப்பேன்.”